பெங்களூருக்கு அருகே உள்ள பண்ணை நிலத்தில் சருகு எரிக்க யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன். ஆனேக்கல் தாலுகாவில், பன்னேர்கட்டா காட்டை ஒட்டிய கிராமம் ஒன்றில் இரண்டரை ஏக்கர் வாங்கியிருக்கிறீர்கள். பழைய தென்னைகளின் காய்ந்த மட்டை, மாஞ்சருகு, வேலியோரம் வெட்டிக் குவித்த உண்ணிச்செடி, முந்தைய உரிமையாளர் விட்டுச் சென்ற சொட்டுநீர்க் குழாய்த் துண்டுகள் எல்லாம் குவிந்து கிடக்கின்றன. மாசி முடிவதற்குள் எரித்து நிலத்தைத் துப்புரவாக்க நினைக்கிறீர்கள். அதற்கு எந்த அலுவலகத்தில் அனுமதி வாங்குவது என்று கேட்கிறீர்கள். கூடவே, "தருமபுரியில் எங்கள் அப்பா காலத்திலிருந்து எரிக்கிறோம், யாரும் கேட்டதில்லை; இங்கேயும் பக்கத்து நிலத்துக்காரர் எரிக்கிறார்" என்றும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். ஆகவே, உங்கள் உள்ளத்தில் இருப்பது அனுமதிச் சீட்டைப் பற்றிய கேள்வி மட்டும் அன்று. தீ வைத்தபின் ஏதேனும் நேர்ந்தால் யாருக்கு, எதற்கு, எவ்வளவு தூரம் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதே அது என்று புரிந்துகொண்டு எழுதுகிறேன். நான் ஆனேக்கல், ராமநகரம் பக்கத்து நீதிமன்றங்களில் நில வழக்குகளை நடத்தி வரும் வழக்கறிஞன். தீ தொடர்பான வழக்குகள் அவற்றில் சிறு பகுதிதான் என்றாலும், கோடைதோறும் தவறாமல் வருகின்றன.

முதலில் உறுதியானதைச் சொல்லிவிடுகிறேன். பட்டா நிலத்தில் சருகு எரிக்க விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, சீட்டு வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு எதையும் கர்நாடகத்தில் நான் கண்டதில்லை. இணையத்தில் நீங்கள் படித்த எரிப்பு அனுமதி வேறு நாட்டு வழக்கம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் அக்டோபர் முதல் மார்ச் வரையிலான காட்டுத்தீ அபாயக் காலத்தில் அனுமதிச் சீட்டு இல்லாமல் கிராமத்து நிலத்தில் தீ மூட்டக் கூடாது. கலிபோர்னியாவிலும் இதைப் போன்ற முறை உண்டு. அங்கே அரசு தீயணைப்புத் துறை நாளையும் நேரத்தையும் வகுத்துத் தருகிறது, எரிப்பவர் அந்த வரம்புக்குள் நடந்துகொள்கிறார். நம்மிடம் அந்த வரம்பை வகுத்துத் தருபவர் யாரும் இல்லை. அனுமதி தேவையில்லாததால் எரிப்பதும் குற்றமில்லை என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில், உரிய நாள் எது, உரிய இடம் எது, உரிய பொருள் எது என்ற தீர்மானம் முழுவதும் உங்கள் தலையில் விழுகிறது. அந்தத் தீர்மானம் சரியா தவறா என்பதைத் தீ பரவியபின் காவல் நிலையமும் நீதிமன்றமும் சொல்லும்.

சிலர் கிராம பஞ்சாயத்தின் வளர்ச்சி அலுவலரான பி.டி.ஓ.விடம் ஆட்சேபணை இல்லை என்று ஒரு தாளில் எழுதி வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அந்தத் தாளுக்கு இருப்பதாக அவர்கள் நினைக்கும் வலிமை அதற்கு இல்லை. சட்டம் தடுத்திருக்கும் ஒன்றைச் செய்யச் சொல்லும் அதிகாரம் பஞ்சாயத்துக்குக் கிடையாது. பக்கத்துத் தோப்பு எரிந்தால் அந்தத் தாள் உங்கள் இழப்பீட்டில் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்காது. ஆனால் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்தவர் என்பது, நீங்கள் பொறுப்போடு நடந்துகொண்டதற்கு ஒரு சான்றாக நிற்கும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

உங்கள் குவியலில் ஒரு பொருளைப் பற்றி எனக்குத் துளியும் ஐயம் இல்லை: குழாய்த் துண்டுகளை எரிக்கவே கூடாது. 2016-ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் நகரத்தோடு நின்றுவிடவில்லை. பிளாஸ்டிக் கழிவு திறந்த வெளியில் எரிக்கப்படாமல் பார்த்துக்கொள்வதை கிராம பஞ்சாயத்தின் கடமையாகவே எழுதி வைத்திருக்கின்றன. நிலப்போர்வையாக விரித்த பிளாஸ்டிக் தாள், உரச் சாக்கு, நைலான் கயிறு, பழைய மோட்டாரின் ஒயர் ஆகியவையும் எரிக்கக் கூடாதவையே. ஒயரின் மேலுறையும் பி.வி.சி. குழாயும் குளோரின் கொண்டவை. தாழ்ந்த வெப்பத்தில் புகைந்து எரியும்போது அவற்றிலிருந்து டையாக்சின் வகை நச்சுகள் உருவாகி, புகையோடு போனது போக மிச்சம் உங்கள் மண்ணிலேயே படியும். சொட்டுநீர்க் குழாயைக் பழைய பொருள் வாங்கும் குஜிரிக் கடைக்காரர்களே எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். பூச்சிமருந்துப் புட்டிகள் கிடந்தால் அவற்றையும் தனியே பிரித்து வையுங்கள். காலிப் புட்டிகளை மீண்டும் பயன்படுத்த முடியாதபடி உடைத்து, குடியிருப்புக்கு அப்பால் புதைக்க வேண்டும் என்பதே 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் சொல்லும் வழி. நெருப்பில் போடுவது அன்று.

சருகுக்கும் மட்டைக்கும் வரும்போது சட்டம் அவ்வளவு நேராக இல்லை. இங்கே எனக்கு உறுதியானதையும் வாதத்துக்கு இடமானதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். அல்மித்ரா படேல் தொடுத்த வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பர் 22 அன்று, நிலங்களில் கழிவைத் திறந்த வெளியில் எரிப்பதற்கு நாடு முழுவதும் முற்றான தடை விதித்தது. மீறினால் சாதாரண எரிப்புக்கு 5,000 ரூபாயும், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் சுற்றுச்சூழல் இழப்பீடு என்றும் அந்த ஆணை வகுத்தது. அதே ஆண்டில் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், திடக்கழிவு என்ற சொல்லுக்குத் தந்த விளக்கத்தில் தோட்டக் கழிவையும் வேளாண் கழிவையும் பெயர் சொல்லியே சேர்த்தன. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால் உங்கள் மாஞ்சருகும் கழிவு, அதை எரிப்பதும் தடைக்கு உட்பட்டது என்று வாதிட வழி இருக்கிறது. எதிர்த்தரப்பில் நான் நின்றால் அப்படித்தான் வாதிடுவேன். ஆனால் அந்த விதிகள் முதன்மையாக நகர உள்ளாட்சிகளையும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரமாகக் குறிக்கப்பட்ட ஊர்களையும் குறித்து எழுதப்பட்டவை. அவற்றில் உள்ள எரிப்புத் தடையின் வாசகமும், தெருவிலும், தன் வளாகத்துக்கு வெளியே உள்ள பொது இடத்திலும், வடிகாலிலும், நீர்நிலையிலும் எரிக்கக் கூடாது என்றே அமைந்தது. ஆகவே, தூய கிராம பஞ்சாயத்து எல்லைக்குள், சொந்த நிலத்தின் நடுவில், வெறும் இலைச் சருகை எரித்தவர் அந்த விதியை மீறினாரா என்ற கேள்விக்கு இரு பக்கமும் நியாயமான வாதங்கள் இருந்தன. 2026-இல் புதிய விதிகள் அவற்றின் இடத்தில் வந்திருப்பதால், அந்த ஐயத்தை முழுவதும் நம்பிவிட வேண்டாம்.

இந்த ஐயம் உங்களுக்குப் பயன்படுமா என்பது நிலம் யாருடைய எல்லைக்குள் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஜிகணி, சந்தாபுரா, ஹெப்பகோடி, அத்திபெலே போன்ற ஊர்கள் எல்லாம் இப்போது நகர உள்ளாட்சிகள். அவற்றைச் சுற்றிய பல நிலங்கள் பார்வைக்கு வயலாக இருந்தாலும் கணக்கில் நகரம். பஹணி எனும் நிலப் பதிவேட்டில் வேளாண் நிலம் என்று இருப்பது மட்டுமே கிராம எல்லைக்குச் சான்றாகாது. சர்வே எண்ணைச் சொல்லித் தாலுகா அலுவலகத்தில் உள்ளாட்சி எதுவென்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நகர எல்லைக்குள் என்றால் மேலே சொன்ன வாதத்தில் பெரும்பகுதி விழுந்துவிடும், எரிக்கவே வேண்டாம்.

செய்தித்தாளில் வைக்கோல் எரிப்புக்கு அபராதம் என்று வரும் தொகைகளை இங்கே போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டு ஏக்கருக்குக் குறைந்தால் 5,000, ஐந்து ஏக்கர் வரை 10,000, அதற்கு மேல் 30,000 ரூபாய் என்று 2024 நவம்பரில் இரட்டிப்பாக்கப்பட்ட இழப்பீடு தில்லித் தலைநகர் வட்டாரத்துக்கும் அதை ஒட்டிய பகுதிகளுக்கும் உரியது. உங்கள் நிலத்துக்கு அது வராது.

எந்த எல்லையில் இருந்தாலும் வருவது குற்றவியல் சட்டம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 287-ஆம் பிரிவு, மனித உயிருக்கு ஆபத்தோ காயமோ நேரக்கூடிய வகையில் தீயை அசட்டையாகக் கையாண்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. சுற்றி வாழ்வோரின் உடல்நலத்துக்குக் கேடாகும்படி காற்றைக் கெடுத்தால் 280-ஆம் பிரிவின் கீழ் 1,000 ரூபாய் வரை அபராதம். தொகை சிறியது என்று எண்ணிவிடக் கூடாது. வழக்குப் பதிவானால் வாய்தாவுக்கு வாய்தா ஆனேக்கலுக்கு அலைவதே பெரிய தண்டனை. புகை சாலையை மறைத்து விபத்து நேர்ந்து ஓர் உயிர் போனால், அசட்டையால் மரணம் விளைவித்ததற்கான 106-ஆம் பிரிவு வரும். அதில் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. பயிரோ சொத்தோ அழியும் என்று தெரிந்தே தீ வைத்ததாகச் சொல்லப்பட்டால் 326-ஆம் பிரிவு, ஏழு ஆண்டு வரை. பக்கத்து நிலத்தாரோடு எல்லைத் தகராறு ஏற்கெனவே இருக்கும் இடங்களில், தற்செயலாகப் பரவிய தீயையும் வேண்டுமென்றே வைத்த தீயாகப் புகார் எழுதுவதை நான் பார்த்திருக்கிறேன். புதிதாக நிலம் வாங்கியவர், அதிலும் வெளியூர்க்காரர், இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

நான் நடத்திய வழக்குகளில் பெரும்பாலானவை குற்ற வழக்குகள் அல்ல, இழப்பீட்டு வழக்குகள். தன் நிலத்தில் தீயை மூட்டியவன் அதைத் தன் எல்லைக்குள் காவலில் வைத்திருக்கக் கடமைப்பட்டவன் என்பது பழைய சட்டக் கொள்கை. "நான் வைக்கவில்லை, வேலையாள் வைத்தான்" என்பது பதிலாகாது. உங்கள் வேலையைச் செய்தவரின் அசட்டைக்கு நீங்களே பொறுப்பு. "திடீரென்று காற்று அடித்தது" என்பதும் மாசி, பங்குனியில் எடுபடாது. அந்தக் காலத்தில் காற்று அடிக்கும் என்று எவரும் அறிவர். ஒரு சப்போட்டாத் தோப்போ இளந்தென்னைகளோ கருகினால், தோட்டக்கலைத் துறையின் மதிப்பீட்டில் மரத்தின் விலையோடு அது இனிக் காய்த்திருக்க வேண்டிய ஆண்டுகளின் வருமானமும் கணக்கில் வரும். அந்தத் தொகையைப் பார்த்தபின், சருகை ஆள்வைத்து வெட்டி மட்கவிடும் கூலியைப் பெரிதாகச் சொன்னவர் யாரையும் நான் அறியேன்.

இனி உங்கள் நிலத்துக்கே உரிய சிக்கல், அதாவது காடு. சுமார் 260 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பன்னேர்கட்டா தேசியப் பூங்காவுக்கு 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். சரணாலயத்துக்குள் ஆபத்து நேரும் வகையில் தீ மூட்டுவதையும், எரியும் தீயை விட்டுவிட்டுப் போவதையும் தடுக்கும் அதன் 30-ஆம் பிரிவு தேசியப் பூங்காவுக்கும் செல்லும். அந்தப் பிரிவு காட்டுக்குள் மூட்டிய தீயைப் பேசுகிறது என்பது உண்மைதான். ஆனால் உங்கள் வேலியில் தொடங்கிய தீ காட்டுக்குள் ஏறிவிட்டால், காட்டுக்குத் தீ வைத்தவர் என்ற குற்றச்சாட்டை வனத்துறை உங்கள் மேல் வைப்பதை அந்த வாசகம் தடுத்துவிடாது. காப்புக்காடாக இருந்தால் 1963-ஆம் ஆண்டின் கர்நாடக வனச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். பூங்காவைச் சுற்றி 100 மீட்டர் முதல் ஒரு கிலோமீட்டர் வரை சூழல் உணர்திறன் மண்டலமாக 2020-இல் அறிவிக்கப்பட்டிருக்கிறது. உங்கள் சர்வே எண் அதற்குள் வருகிறதா என்பதை நிலத்தின் ஆவணங்களைப் பார்க்காமல் நான் சொல்ல இயலாது. அறிவிக்கையோடு இணைந்த கிராமப் பட்டியலைப் பாருங்கள். வருகிறதென்றால் அதில் திடக்கழிவு பற்றிய பகுதியை முழுவதும் படியுங்கள்.

காட்டோரத்தில் சிறு தீ கண்ணுக்குத் தப்பும் என்று நினைக்க வேண்டாம். இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள்களின் வெப்ப உணரிகளைக் கொண்டு தீப்புள்ளிகளைக் கண்டு வனத்துறையினரின் கைப்பேசிக்கு எச்சரிக்கை அனுப்புகிறது. அவற்றில் ஒரு வகை உணரி 375 மீட்டர் கட்டமாகப் பார்க்கிறது. கட்டத்தின் ஒரு மூலையில் போதிய வெப்பம் இருந்தாலே புள்ளி விழும். அந்தச் செயற்கைக்கோள் நம் ஊரைக் கடக்கும் நேரம் ஏறத்தாழ நண்பகல் ஒன்றரை மணியும் நள்ளிரவு ஒன்றரை மணியும். புள்ளி விழுந்தால் காவலர் வந்து பார்ப்பார். 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் ஆயிரக்கணக்கான ஏக்கர் எரிந்ததை மறக்காத துறை இது. தை பிறந்தபின் காட்டோரப் புகையை அவர்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை, எடுத்துக்கொள்ளவும் கூடாது.

நீங்கள் அதிகாலையில் எரித்தால் பாதுகாப்பு என்று எழுதியிருந்தீர்கள். தீ பரவாமல் இருப்பதற்கு அது ஓரளவு சரி. பனியில் புல் ஈரமாக இருக்கும், காற்றும் அடங்கியிருக்கும். ஆனால் குளிர்கால விடியலில் தரையோரக் காற்று குளிர்ந்தும் அதற்கு மேலுள்ள அடுக்கு வெதுவெதுப்பாகவும் இருப்பதால் புகை மேலே ஏறாமல், மூடி போட்டதுபோல் ஊர்மேலேயே படுத்துக்கிடக்கும். நண்பகலில் எரித்தால் புகை கலைந்துபோகும், தீ கைமீறும். பனிக்காலம் முடிந்து கோடை மழை வரும்வரை இரண்டு தீமைக்கும் தப்பிய நேரம் என்று ஒன்று இந்த மேட்டுநிலத்தில் கிடையாது என்பதே என் கருத்து. இன்னொன்றையும் கவனியுங்கள்: பழைய தென்னைக் குற்றியிலும் வேரிலும் பிடித்த நெருப்பு, மேலே அணைந்ததுபோல் தோன்றினாலும் உள்ளே நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். மாலையில் அணைத்துவிட்டு நகரத்துக்குத் திரும்பிவிட்டேன் என்று சொன்னவர்களின் வழக்குகளில், மறுநாள் பிற்பகல் பற்றிய தீயே மிகுதி.

மரத்தடியில் குவித்து எரிக்கும் வழக்கமும் உண்டு. கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம், 1976 மரம் வெட்டுதல் என்பதற்குத் தரும் விளக்கத்தில் மரத்தை எரித்துச் சேதப்படுத்துவதும் அடங்கும். தென்னை போன்ற சில வகைகளுக்கு விலக்கு இருந்தாலும், வேலியோரத்துப் புங்கனும் புளியும் உங்களுக்குத் தொல்லை தரலாம்.

அப்படியானால் குவியலை என்ன செய்வது? உண்ணிச்செடியை எரிப்பதால் பயனே இல்லை. மேல்பகுதி கருகினாலும் அடியிலிருந்து முன்னிலும் அடர்த்தியாகத் துளிர்க்கும். மழை பெய்து மண் இளகியதும் வேரோடு பிடுங்கி, தலைகீழாக உலரவிடுங்கள். சருகிலும் வைக்கோலிலும் உள்ள தழைச்சத்து எரிக்கும்போது ஏறக்குறைய முழுதும் காற்றோடு போய்விடும். சாம்பலில் மிஞ்சுவது சாம்பல்சத்தும் சுண்ணாம்பும்தான். நம் செம்மண்ணுக்கு மிகவும் குறைவாக இருப்பது மட்கு, அதைத்தான் எரித்துவிடுகிறோம். மாஞ்சருகை மரத்தடியைச் சுற்றி, தண்டைத் தொடாமல், மூடாக்காகப் பரப்புங்கள். தேங்காய் மட்டையைத் தென்னை வட்டப்பாத்தியில் குழிவான பக்கம் மேலே இருக்கும்படி புதைத்தால் ஈரத்தைப் பல ஆண்டு தாங்கும். ஓலையைத் துண்டாக்கும் இயந்திரத்தை வாங்க வேண்டியதில்லை. கிருஷி யந்திர தாரே என்ற பெயரில் இயங்கும் அரசின் வாடகை மையம் உங்கள் ஹோபளியில் (தாலுகாவின் உட்பிரிவில்) இருந்தால் அங்கே கேட்டுப் பாருங்கள். கரையானும் பாம்பும் வரும் என்ற அச்சம் நியாயமானது. அதற்கு மூடாக்கை வீட்டிலிருந்தும் நடைபாதையிலிருந்தும் தள்ளி வைத்தால் போதும்.

எரிப்பதற்கு நான் ஓரளவு இடம் கொடுப்பது நோய் தாக்கிய செடிகளுக்கு மட்டும். சில நோய்களுக்குத் தாக்குண்ட பாகத்தை அகற்றி அழிக்கும்படி வேளாண் வல்லுநர்களே சொல்கிறார்கள். அப்படியானால் கே.வி.கே. எனும் வேளாண் அறிவியல் நிலையத்திலோ பெங்களூரின் ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழகத்திலோ செடியைக் காட்டி, பரிந்துரையை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது சட்டவிலக்கு ஆகாது. எரித்ததற்கு ஒரு காரணம் இருந்தது என்பதற்குச் சான்று. அதையும் மழைக்காலத்தில், மின்கம்பிக்கும் வேலிக்கும் எட்டாத வெற்று மண்ணில், சிறு குழியில், தண்ணீர்க் குழாய் கையிலிருக்க, கையளவு அளவில் எரித்து, சாம்பலைக் கையால் தொட்டுப் பார்த்துக் குளிர்ந்தபின்தான் நகர வேண்டும். ஏதேனும் தப்பினால் உடனே 112-ஐ அழையுங்கள்; அழைத்த நேரமும் பின்னாளில் உங்கள் பக்கம் பேசும்.

கடைசியாக, பக்கத்து நிலத்துக்காரர் எரிப்பது. அவர் எரிப்பது உங்களுக்கு உரிமை தராது. மாறாக, அவர் தீ உங்கள் பக்கம் வரும் ஆபத்தைத் தருகிறது. எல்லையோரம் புல்லைச் செதுக்கி வெற்று மண் பட்டை ஒன்றை இப்போதே எடுத்துவிடுங்கள். வனத்துறையும் கோடைக்கு முன் தன் எல்லையில் இதையே செய்கிறது. முதலில் நேரில் போய்ப் பேசுங்கள், அதற்கும் கேட்காவிட்டால் பி.டி.ஓ.வுக்கும் வனச்சரக அலுவலருக்கும் கன்னடத்தில் ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை நகலில் வாங்குங்கள். தொடர்ந்து எரித்து ஊருக்கே தொல்லையானால், குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவின் கீழ் நிர்வாக நடுவரிடம் மனுச் செய்து அதை நிறுத்த ஆணை கேட்கலாம். அந்த மனுவோடு தேதி தெரியும் படங்களையும், முத்திரையிட்ட நகலையும், உங்கள் பஹணியையும் இணைக்க வேண்டும். அதைக் கொடுக்கும் நாளில் உங்கள் நிலத்தில் சாம்பல் மேடு எதுவும் இருக்கக் கூடாது.